முகமே சாவி ஆகுமா?

இறுதியாண்டு, கணிப்பொறிப் பிரிவு மாணவி



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது, நமக்கு என்ன எழுதத் தெரியும் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கவிதை வராது, கதையும் வராது. ஆனால் போன தடைக்கால விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம் என்னை லைப்ரரிக்கும் லேபுக்கும் அலைய வைத்தது. அப்படி அலைந்து தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். முகத்தைக் காட்டினால் போனும் லேப்டாப்பும் திறக்கிறதே, அந்தப் பூட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் விஷயம்.

என் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். மதுரை, சிவகங்கைப் பக்கமிருந்து வந்து நம்மோடு படிக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், பாசி என்றால் குளத்துப் பாசி இல்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடலுக்கு அடியில் பாறையில் வளர்வது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரைப் பாசி என்று பல வகை. அகர் எடுக்க இவற்றில் முதல் இரண்டும்தான் கச்சாப்பொருள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பறிக்க வேண்டும். எத்தனை துணி சுற்றினாலும் பாறை கீறத்தான் செய்யும். வருஷக்கணக்கில் இப்படிக் கீறி, உப்புத் தண்ணீரில் ஊறி, அம்மா விரலில் ரேகை என்று சொல்ல ஒன்றும் பெரிதாக மிச்சமில்லை.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரில் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ரேஷன் கடை என்றாலே ஒரு பயம். "கை வைக்க வைக்க இல்லைங்குதுடி அந்த மிஷினு" என்பார். சில நாள் ஐந்தாவது தடவையில் ஏற்கும், சில நாள் வெறும் பையோடு திரும்புவார். பிறகு பல கடைகளில் கருவிழி பார்க்கும் கருவி வந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இது அம்மா ஒருத்தர் பிரச்சினை இல்லை. ஆதார் ஆணையம் 2018 ஜனவரியில் முகத்தை வைத்து அடையாளம் சரிபார்க்கும் வசதி கொண்டு வரப்போவதாக அறிவித்தபோது சொன்ன காரணங்களே முதுமையும், கடின உழைப்பும், தேய்ந்த கைரேகையும்தான். அந்த வசதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பென்ஷன்காரர்கள் வீட்டிலிருந்தே முகத்தைக் காட்டி உயிர்வாழ்வுச் சான்று தரும் முறையும் தொடங்கியது. கைரேகையை வகைப்படுத்தி அடுக்கும் முறையை உலகத்துக்குத் தந்ததில் நம் நாட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கியது, அந்த முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜீஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர். அந்த நாட்டிலேயே உழைக்கிற ஜனங்களின் விரல் மிஷினுக்குப் பிடிபடவில்லை என்பது வேடிக்கைதான்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். அம்மாவுக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினோம். அவர் மகளிர் சுய உதவிக் குழுவில் பொறுப்பில் இருக்கிறார். குழுவின் பேங்க் மெசேஜ், ஓ.டி.பி. எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். பூட்டு இல்லாமல் விட முடியாது. விரல் வைத்தால் ஏற்கவில்லை. சரி, முகத்தை வைத்துவிடுவோம் என்று நான்தான் பெரிய படிப்பாளி மாதிரி செட் பண்ணிக் கொடுத்தேன். முகத்தைப் பதியும்போது திரையில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. வாசிக்காமல் ஓ.கே. அழுத்தினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அம்மா போனில் டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துபோகிறது. அப்பா கம்பெனிக்காரனைத் திட்டினார். தடைக்காலம், போட் கரையில் கட்டிக் கிடக்கிறது, திட்டுவதற்கு அவருக்கு நேரமும் இருந்தது. நான் ஒருநாள் வலை போட்டு வைக்கும் கொட்டகைப் பக்கம் போனால், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி அங்கே உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருக்கிறான், அம்மா போனில். எப்படித் திறந்தாய் என்று கேட்டேன். சொந்தக்காரர் கல்யாணத்தில் நான் என் போனில் எடுத்த அம்மாவின் படத்தைப் பெரிதாக்கி அந்தப் போன் முன்னால் காட்டினான். திறந்துகொண்டது!

அம்மா அவனை அடிக்கவில்லை. என்னிடம்தான் கேட்டார். "அவன் வெளையாடத்தான் எடுத்தான். வேற ஆளு எடுத்தா? அதுல பதினஞ்சு பொம்பளைக காசு கெடக்கு. நீ படிச்சவதான, ஏண்டி இப்பிடி வச்சுக் குடுத்த?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப்போய் அன்றைக்குத்தான் வாசித்தேன். உங்களைப் போல இருக்கும் ஒருவரோ, உங்கள் படத்தை வைத்திருக்கும் ஒருவரோ போனைத் திறக்கக்கூடும், இது பின் நம்பரை விடப் பாதுகாப்புக் குறைந்தது என்று அதில் தெளிவாகவே இருந்தது. எங்கள் வீட்டில் அந்த ஆங்கிலத்தை வாசிக்கத் தெரிந்தது நான் ஒருத்தி மட்டும்.

முகம் எப்படி எண் ஆகிறது?

1960-களில் அமெரிக்காவில் உட்ரோ பிளெட்சோ என்பவர் கண், மூக்கு, வாய் இருக்கும் இடங்களை ஆட்களை வைத்துக் குறித்து, அந்த அளவுகளைக் கணிப்பொறியில் ஒப்பிட்டுப் பார்த்தார். 1973-ல் ஜப்பானின் கியோட்டோவில் தகேயோ கனாடே அந்த அளவெடுப்பையும் கணிப்பொறியே செய்யும்படி ஆக்கினார். 1991-ல் டர்க், பென்ட்லண்ட் இருவரும் ஐகன்ஃபேஸ் முறையை வெளியிட்டார்கள். நாம் கணக்குப் பாடத்தில் மனப்பாடம் பண்ணித் தேர்வு எழுதிவிட்டு மறந்துபோகும் அதே ஐகன் மதிப்புதான்! 2001-ல் வயோலா, ஜோன்ஸ் இருவரும் ஒரு படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்பதை வேகமாகக் கண்டுபிடிக்க வழி சொன்னார்கள். காமிரா முகத்தைச் சுற்றிக் கட்டம் போடுவது அதன் பிறகு சாதாரணமாகிவிட்டது.

இப்போதைய முறை நியூரல் நெட்வொர்க். 2015-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட்டை எடுத்துக்கொள்வோம். அது ஒரு முகப்படத்தை வாங்கிக்கொண்டு 128 எண்களைத் தரும். ஒரே ஆளின் இரண்டு படம் கொடுத்தால் அந்த எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வேறு ஆள் என்றால் தூரமாக இருக்கும். தூரம் என்றால் என்ன? பத்தாம் வகுப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு என்று படித்தோமே, x வித்தியாசத்தின் வர்க்கமும் y வித்தியாசத்தின் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது, அதேதான். அங்கே இரண்டு அச்சு, இங்கே 128 அச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெரிய விஷயம் என்று பயந்துகொண்டிருந்தது பத்தாம் வகுப்புக் கணக்காக வந்து நின்றது.

ஆக, போன் உங்களைப் பதியும்போது இந்த எண் வரிசையை வைத்துக்கொள்கிறது. பிறகு திறக்க வரும் முகத்தின் எண்ணோடு தூரம் பார்க்கிறது. ஒரு எல்லைக்குள் இருந்தால் திற, தாண்டினால் திறக்காதே.

அந்த எல்லையை எங்கே வைப்பது? இதுதான் கஷ்டம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "வலைக்கண்ணு மாதிரி சொல்லு" என்றார். சரியான உவமை. கண்ணைச் சின்னதாக வைத்தால் வேண்டாத குஞ்சும் ஏறும், பெரிதாக வைத்தால் வேண்டிய மீனும் போய்விடும். இங்கே எல்லையைத் தளர்த்தினால் அந்நியனுக்கும் திறக்கும், இறுக்கினால் சொந்தக்காரருக்கே திறக்காது. முதலாவது தவறான ஏற்பு, இரண்டாவது தவறான மறுப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். ரேஷன் கடையில் அம்மா வெறும் பையோடு திரும்பியது இரண்டாவது தவறு, தம்பி கேம் ஆடியது முதலாவது தவறின் அண்ணன் என்று சொல்லலாம்.

ஏன் அண்ணன் என்கிறேன்? தவறான ஏற்பு என்று கம்பெனிகள் தரும் கணக்கு, வழியில் போகிற யாரோ ஒருவர் தற்செயலாக முகம் காட்டினால் திறக்கும் வாய்ப்பு. ஆண்ட்ராய்டு விதிப்படி அது 50,000-ல் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. நான்கு இலக்கப் பின் நம்பர் மொத்தம் 10,000 தான், ஒரே ஊகத்தில் சரியாக அடிக்கும் வாய்ப்பு 10,000-ல் ஒன்று. அப்படிப் பார்த்தால் முகம் பின் நம்பரை விட ஐந்து மடங்கு பலமாகத் தெரிகிறது! ஆனால் என் தம்பி தற்செயலாக வந்தவன் இல்லையே. அம்மாவின் படத்தோடு வந்தவன். வேண்டுமென்றே போலியைக் காட்டி ஏமாற்றுவது தனிக் கணக்கு. அந்த இரண்டாவது கணக்கைத்தான் விளம்பரத்தில் சொல்வதில்லை.

போலிக்கு வகுப்பு மூன்று

ஆண்ட்ராய்டு இதற்காக மூன்று வகுப்புகள் வைத்திருக்கிறது. படம், முகமூடி போன்ற போலிகளைக் காட்டிச் சோதித்தால் 7 சதவீதம் வரை மட்டுமே ஏமாறும் பூட்டு மூன்றாம் வகுப்பு. 7-லிருந்து 20 வரை இரண்டாம் வகுப்பு. 20 சதவீதத்துக்கு மேல் ஏமாந்தால் முதல் வகுப்பு. நம் பள்ளிக்கூடக் கணக்குக்குத் தலைகீழ், இங்கே மூன்றாம் வகுப்புதான் உசத்தி. பேங்க் ஆப் போன்றவற்றில் சாவியாகப் பயன்பட மூன்றாம் வகுப்பு வேண்டும்.

இதை வைத்து உங்கள் போனைச் சோதித்துப் பார்க்கலாம். போன் முகத்துக்குத் திறக்கிறது, ஆனால் பேங்க் ஆப்பைத் திறக்கும்போது முகம் என்ற பேச்சே இல்லாமல் விரலை அல்லது பின் நம்பரை மட்டும் கேட்கிறது என்றால், உங்கள் போனின் முகப்பூட்டு பெரும்பாலும் கீழ் வகுப்புதான். விடுதியில் தோழிகள் போன்களை எல்லாம் வாங்கி இப்படிப் பார்த்தோம், படத்தைக் காட்டியும் பார்த்தோம். சில திறந்தன, சில திறக்கவில்லை. திறந்த போன்காரிகள் அன்று இரவே பின் நம்பருக்கு மாறினார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2011-ல் ஆண்ட்ராய்டு 4.0-ல் முகப்பூட்டு வந்தபோதே படத்தைக் காட்டித் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு கண் சிமிட்டினால்தான் திறக்கும் என்று மாற்றினார்கள். படத்தில் கண்ணை மூடியது போல வரைந்து, மாற்றி மாற்றிக் காட்டி அதையும் ஏமாற்றினார்கள். நெதர்லாந்து நுகர்வோர் அமைப்பு ஒன்று 2019 ஜனவரியில் வெளியிட்ட சோதனையில் 110 போன்களில் 42 போன்கள் படத்துக்குத் திறந்தன. 2023-ல் பிரிட்டனின் விச் என்ற நுகர்வோர் அமைப்பு சோதித்த 48-ல் 19 திறந்தன. நான்கு ஆண்டில் பெரிய முன்னேற்றம் இல்லை பாருங்கள். காரணம் விலை. சாதாரண செல்ஃபி காமிரா தட்டைப் படத்தைத்தான் பார்க்கிறது, அதற்கு ஆழம் தெரியாது.

ஆழம் தெரிந்த காமிரா

2017 நவம்பரில் ஐபோன் எக்ஸ் விற்பனைக்கு வந்தது. அதிலுள்ள ஃபேஸ் ஐடி 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின் மேல் வீசுகிறது. நம் கண்ணுக்கு அவை தெரியாது. மூக்கு நுனியில் விழும் புள்ளியும் கன்னத்தில் விழும் புள்ளியும் காமிராவுக்கு வெவ்வேறு அளவு நகர்ந்து தெரியும், அந்த நகர்வை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. சர்வே பிரிவு நண்பர்களுக்கு முக்கோண முறை தெரிந்திருக்கும், அதுவேதான். தட்டையான படத்தின் மேல் விழுந்தால் எல்லாப் புள்ளியும் ஒரே தளத்தில் இருக்கும், உடனே மாட்டிக்கொள்ளும். அந்நியருக்குத் திறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்கிறது ஆப்பிள். ஆனால் இரட்டையருக்கும், ஒரே ஜாடையுள்ள உடன்பிறந்தவருக்கும், 13 வயதுக்கு உட்பட்டவருக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நானும் சோதித்தேன். அம்மா போனில் சின்னம்மா முகத்தைக் காட்டினோம். பலமுறை மறுத்த போன் ஒருமுறை திறந்தது. இருவரும் ஒரே அச்சு என்று ஊரே சொல்லும், போனும் சொல்லிவிட்டது.

லேப்டாப்பில் இதே வேலையை விண்டோஸ் ஹலோ செய்கிறது. 2015-ல் விண்டோஸ் 10-உடன் வந்தது. இதற்கு அகச்சிவப்புக் காமிரா கட்டாயம். அதில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. போன் திரை வெளியிடுவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. அகச்சிவப்பு அநேகமாக அதில் இல்லை. ஆகவே தம்பி செய்தது போலத் திரையில் படத்தைக் காட்டினால் அகச்சிவப்புக் காமிராவுக்கு அங்கே முகமே தெரியாது, இருட்டுப் பலகைதான் தெரியும். 2025 வரை இருட்டு அறையிலும் நம் முகத்தை அது பார்த்து வந்ததும் இதனால்தான்.

அதையும் உடைத்தார்கள். 2017 டிசம்பரில் எஸ்.ஒய்.எஸ்.எஸ். என்ற ஜெர்மன் நிறுவனத்தார், ஆளை அகச்சிவப்பில் படம் பிடித்துப் பிரிண்ட் எடுத்துக் காட்டி விண்டோஸ் ஹலோவின் சில பதிப்புகளைத் திறந்தார்கள். 2021-ல் சைபர்ஆர்க் நிறுவனத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். யு.எஸ்.பி.யில் காமிரா மாதிரி நடிக்கும் ஒரு கருவியைச் செருகி, அகச்சிவப்பு முகப்படத்தை நேரே உள்ளே அனுப்பிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு ஜூலையில் அதைச் சரி செய்தது. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், காமிராவிலிருந்து கணக்குக்குப் போகும் ஒயரை நம்பினதால் வந்த வினை! எலக்ட்ரானிக்ஸ் பிரிவுத் தோழர்கள் கவனிக்க.

முகம் எங்கே இருக்கிறது?

என்னிடம் பலரும் கேட்ட கேள்வி, நம் முகம் கம்பெனிக்குப் போகிறதா என்பது. நல்ல போனில் போகாது. முகத்தின் எண் வரிசை போனுக்குள்ளேயே தனியாகப் பூட்டிய பகுதியில் இருக்கிறது. ஆப்பிள் இதை செக்யூர் என்க்ளேவ் என்கிறது. முகம் ஒத்துப்போனால் அந்தப் பகுதி உள்ளே இருக்கும் உண்மையான சாவியை விடுவிக்கிறது. அதாவது முகம் சாவி இல்லை, சாவி வைத்திருக்கும் காவல்காரன் நம் முகத்தைப் பார்த்து ஆளை அறிகிறான். வேறு யாரும் கேட்டால் தரமாட்டான்.

எல்லோர் முகத்தையும் ஒரே இடத்தில் குவித்து வைத்து அதில் ஒருவரைத் தேடுவது வேறு விஷயம். போன் கேட்பது, இது அவர்தானா என்ற ஒரு கேள்வி. அங்கே கேட்பது, இத்தனை லட்சம் பேரில் இது யார் என்ற கேள்வி. தமிழ்நாடு காவல் துறையிடம் அப்படி ஒரு முக அடையாளத் தளம் 2021-லிருந்து இருக்கிறது. 2024 மே மாதம் அதில் கடவுச்சொல் வழியாக ஊடுருவல் நடந்தது செய்தியாக வந்தது. முகங்களுக்குக் காவல் ஒரு பாஸ்வேர்டு! பாஸ்வேர்டு போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். முகம் போனால்? 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பின் கடலோர மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அடையாள அட்டை கொடுத்தார்கள், அப்பாவிடமும் இருக்கிறது. நம் கரையில் முகமும் ரேகையும் பதியாத வீடு குறைவு. ஆகவே இந்தக் கேள்வி நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் தேசிய தரநிலை நிறுவனம் 2019 டிசம்பரில் 189 முக அடையாள நிரல்களைச் சோதித்து வெளியிட்டது. பல நிரல்களில் ஆளை மாற்றி ஏற்கும் தவறு, இனத்துக்கு இனம் 10 முதல் 100 மடங்கு வரை வித்தியாசப்பட்டது. யாருடைய முகங்களைக் காட்டிப் பழக்கினார்களோ அவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. வெயிலில் கருத்த நம்மூர் முகங்களை அவர்கள் எத்தனை காட்டியிருப்பார்கள்?

பின் நம்பர் இன்னும் ஏன்?

எவ்வளவு நல்ல முகப்பூட்டும் பின் நம்பரை விடுவதில்லை. போனை அணைத்துப் போட்டால் முதலில் பின் நம்பர்தான். ஃபேஸ் ஐடி ஐந்து முறை தவறினாலும், 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தாலும் பின் நம்பரைக் கேட்கும். ஆண்ட்ராய்டில் மூன்றாம் வகுப்புப் பூட்டே ஆனாலும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்கும். பின் நம்பர் 1234 என்று இருந்தால் முகப்பூட்டு எவ்வளவு உசத்தியாக இருந்து என்ன பயன்? முன் கதவுக்கு இரும்புத் தாழ், பின்பக்கம் ஓலைத் தட்டி. 2025 அக்டோபரில் யு.பி.ஐ. பணத்தையே பின் நம்பருக்குப் பதிலாக போனின் கைரேகை, முகம் கொண்டு அனுப்பும் வசதியை என்.பி.சி.ஐ. அறிமுகம் செய்தது. இனி எந்த வகுப்புப் பூட்டு என்பது வெறும் கேம் விஷயமாக இருக்காது.

அம்மா போனுக்கு என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். முகத்தை எடுத்துவிட்டோம். ஆறு இலக்கப் பின் நம்பர் வைத்தோம், பத்து லட்சம் வாய்ப்பு. அம்மாவுக்கு எழுத்து வராது, ஆனால் எண் நன்றாக வரும், பாசி எடை போட்டு யாருக்கு எவ்வளவு என்று மனதிலேயே கூட்டுவார். பூட்டிக் கிடக்கும்போது மெசேஜின் உள்ளடக்கம் திரையில் தெரியாதபடியும் மாற்றினேன், இல்லையென்றால் ஓ.டி.பி.யை வாசிக்கப் பூட்டைத் திறக்கவே வேண்டாமே. பிறந்த வருஷம் வேண்டாம், போன் நம்பரின் கடைசி எண்கள் வேண்டாம், எங்கள் பிறந்தநாளும் வேண்டாம், தம்பிக்கு எல்லாம் தெரியும் என்றேன். எந்தச் சின்ன எழுத்து வந்தாலும் இந்தத் தடவை நின்று வாசித்தேன், தமிழில் அம்மாவுக்கும் சொன்னேன்.

நம்பர் போடும் நேரம் வந்ததும் அம்மா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "திரும்பி உக்காரு" என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். ஆறு தடவை டிக் டிக் என்று சத்தம் கேட்டது. மறுபடியும் ஆறு. அந்த நம்பர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.